கொச்சித் துறைமுகமும் சாப்பாவும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் நம் கண்முன் நிறுத்துகிறார். அங்கே ஏற்றுமதிப் பொதிகளிலும் இறக்குமதிப் பொதிகளிலும் சோழனின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டது. பண்டத்திற்குக் கணக்கு இருந்தது, காவலும் இருந்தது. அப்பண்டத்தைச் சுமந்த தோளுக்கு என்ன கணக்கு இருந்தது? இவ்வினாவிற்கு விடை காணப் புகார் வரை செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் ஏலூருக்கு அண்மையிலுள்ள மட்டாஞ்சேரியின் வரலாறே போதும்.

1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ கடல்வாயின் மணல்திட்டை அகழ்ந்து வழி அமைத்தார். 1928இல் பெருங்கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கின. கப்பல் வந்த நாளில் ஆயிரம் தோள்கள் வேண்டும். வாராத நாளில் ஒன்றும் வேண்டா. இந்த ஏற்றத்தாழ்வின் சுமை முழுவதும் தொழிலாளி மீதே ஏற்றப்பட்டது. அதற்கான கருவியே 'சாப்பா' என்னும் உலோக வில்லை. விடியலில் திரண்டு நிற்கும் கூட்டத்தினிடையே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வில்லைகளை வீசுவர். பாய்ந்து, புரண்டு, பிறரை மிதித்து ஒன்றைக் கைப்பற்றியவனுக்கே அன்று வேலை; ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர்.

குறைந்த கூலி கொடியதுதான். ஆயினும் அதைவிடக் கொடியது நிச்சயமின்மை. நாளை உலை கொதிக்குமா என்று அறியாதவன் எதை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவான்? வில்லைக்காக உருண்டவனுக்கு அருகில் உருண்டவனே பகைவனாகத் தோன்றினான். வீசிய கை அவன் கண்ணில் படவில்லை. அது கண்ணில் பட்ட நாளில் போராட்டம் பிறந்தது. 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூவரை அப்போராட்டம் பலி கொண்டது. கே. எம். சிதம்பரன் எழுதிய 'துறைமுகம்' நாடகமும், அதனைத் தழுவி 2023இல் வெளிவந்த மலையாளத் திரைப்படமும் இவ்வரலாற்றைச் சொல்கின்றன.

இலண்டன் துறைமுகத்திலும் இதே துயரம் இருந்தது. அங்கு 1889இல் வேலைநிறுத்தம் செய்தோர், அழைத்தால் நான்கு மணி நேர வேலையேனும் தருக என்று கேட்டனர். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டமோ, தொழிலாளியைப் பதிவேட்டில் சேர்க்கவும், வேலையில்லா நாட்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் அளிக்கவும் வழிவகுத்தது. பதிவேட்டில் ஒரு பெயர்! மாதந்தோறும் ஊதியம் தவறாது பெறும் என் போன்ற மைய அரசு எழுத்தனுக்கு அது சிறிய செய்தி. வில்லைக்காகப் புரண்டவனுக்கோ அது மனிதன் என்னும் மதிப்பு.

சாப்பா ஒழிந்ததா? இன்று பிரிட்டனில், இத்தனை மணி நேரம் வேலை என்னும் உறுதியே இல்லாத ஒப்பந்தங்கள் உள்ளன. நம் நகரங்களில் உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞர் கைப்பேசியின் ஒலிக்காகத் தெருவோரம் காத்திருக்கின்றனர். 2020-21இல் இத்தகைய தொழிலாளர் 77 இலட்சம் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைத் தொழிலாளராகக் குறிப்பிடுகிறது. நாளைய வேலைக்கு உறுதி அளிக்கவில்லை.

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நாம் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். நம்முள் பலருக்குப் பதிவேட்டில் பெயர் கிடைத்தது; நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்குமா என்பது உறுதியில்லை. வாயிலில் பொட்டலத்துடன் நிற்கும் இளைஞனைக் காணும்போது மட்டாஞ்சேரியின் மூவரை நினைவிற் கொள்வோமாக. வீசும் கை இன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் வில்லை வீசப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.