நீலக் கோட்டை - 9: எண்பத்தேழாவது நிமிடம்

போன வாரம் உங்களைக் கண்டீரவா மைதானத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள். வாருங்கள், உள்ளே போவோம்.

கணக்கு உங்களுக்கு மனப்பாடம். மோகன் பாகன் 38 புள்ளிகள். பெங்களூரு எஃப்சி 36. ஐ-லீக்கின் கடைசி ஆட்டம் இது. பெங்களூரு ஜெயித்தால் கோப்பை இந்த ஊரிலேயே தங்கும். ஆட்டம் டிரா ஆனால்கூடப் போதும், பாகன் அதைக் கொல்கத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

2015 மே 31. ஞாயிற்றுக்கிழமை.

மேற்கு ஸ்டாண்ட் முழுக்க நீலம். அங்கே நிற்பவர்கள் ‘வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்’. உட்காருவதே கிடையாது. தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். கண்டீரவா தடகளத்துக்காகக் கட்டிய மைதானம். பார்வையாளருக்கும் புல்தரைக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் ஓடுகிறது. அதைத் தாண்டி வீரனின் காதில் விழ வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்தியாக வேண்டும். அன்றைக்குக் கத்தினார்கள்.

எதிரே பச்சையும் மெரூனும். கொல்கத்தாவிலிருந்து வந்து இறங்கிய பாகன் ரசிகர்கள். பதின்மூன்று வருடமாகத் தேசிய லீக் கோப்பையைக் கண்ணால் பார்க்காதவர்கள். 1911-ல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியைத் தோற்கடித்த கிளப், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு கிளப்பின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

கொஞ்சம் பொறுங்கள். ரெஃப்ரி விசில் ஊதுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரவின் கனம் புரியாது.

பெங்களூருவிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு பாதை இருந்தது. கால்பந்துப் பாதை.

அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? தமிழ் பேசும் தெருக்கள். புத்தருக்கும் அம்பேத்கருக்கும் சிலை வைத்த பேட்டையில் பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். பந்து அங்கே அப்படி ஊறிப்போன சங்கதி. இந்தக் கன்டோன்மென்ட் மண்ணிலிருந்துதான் பையன்கள் கிளம்பினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலிருந்த அருமைநாயகமும் இந்த ஊரில் பிறந்த தமிழர். அவர் பேரும் புகழும் பெற்றது எங்கே? மோகன் பாகன் சட்டையில்!

திறமை இங்கே முளைக்கும். அறுவடை அங்கே நடக்கும். பல பத்தாண்டுகள் அதுதான் வழக்கம்.

ஊரில் அணிகளே இல்லையா என்றால், இருந்தன. எச்ஏஎல், ஐடிஐ என்று தொழிற்சாலை அணிகள். ஷிஃப்ட் முடிந்ததும் பூட்ஸ் மாட்டிய ஆட்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அந்த அணிகள் தேசிய லீக்கில் நிலைக்கவில்லை.

ஜப்பானிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. காஷிமா என்ற சின்னத் தொழில் நகரத்தில் சுமிடோமோ இரும்பாலையின் ஊழியர் அணி ஒன்று இருந்தது. பிரேசிலின் ஜிகோவை அழைத்து வந்தார்கள். கூரை போட்ட மைதானம் கட்டினார்கள். ஆலை அணி ஊர் அணியாக மாறியது. காஷிமா ஆன்ட்லர்ஸ் இன்று ஜப்பானின் பெருமை. பெங்களூருவுக்கும் கடைசியில் ஓர் இரும்புக் கம்பெனிதான் வந்தது, ஜேஎஸ்டபிள்யூ. ஆனால் இங்கே பழைய ஆலை அணி எதையும் வளர்த்தெடுக்கவில்லை. 2013-ல் வெறுங்கையோடு ஒரு புது கிளப்பைத் தொடங்கினார்கள். முதல் வருடமே சாம்பியன். அந்தக் கதையை நாலு வாரம் சேர்ந்து பார்த்தோம்.

இப்போது புரிகிறதா? இத்தனை காலம் பெங்களூரு கொல்கத்தாவுக்குப் போனது. இன்றைக்குக் கோப்பை வேண்டுமென்றால் கொல்கத்தா பெங்களூருவுக்கு வந்தாக வேண்டும்.

வந்துவிட்டது.

கேப்டன் சுனில் சேத்ரியைப் பாருங்கள். டெல்லியில் ஆடிக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையனுக்கு முதல் தொழில்முறை வாய்ப்பைக் கொடுத்த கிளப் எது? மோகன் பாகன். அவர் அங்கே சேர்ந்த 2002-ல்தான் பாகன் கடைசியாகத் தேசிய லீக்கை வென்றிருந்தது. தன்னை வளர்த்த வீட்டின் பதின்மூன்று வருடக் காத்திருப்பை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க வேண்டும். அதுதான் அன்றைக்கு அவர் வேலை.

பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட். மான்செஸ்டர் யுனைடெட்டின் இளைஞர் பாசறையில் தேறியவர். வீரன் என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு தூரம் ஓடுகிறான், எப்போது தூங்குகிறான் என்பது வரை கணக்கு வைப்பவர். இரண்டு சீசனில் ஒரு லீக், ஒரு ஃபெடரேஷன் கோப்பை. தோல்வி அவருக்கு அறவே ஆகாது.

எதிர் பெஞ்சில் சஞ்சய் சென். சீசன் நடுவே பாகனின் பொறுப்பை ஏற்றவர். அதட்டல் உருட்டல் இல்லாத மனிதர். அவர் கையில் இருந்த ஆட்களோ சாமானியமில்லை. இடப்பக்கம் ஹைட்டி தேசத்தின் சோனி நோர்டே. நடுக்களத்தில் ஜப்பானின் கட்சுமி யுசா. நுரையீரல் ரெண்டா மூன்றா என்று கேட்க வைக்கும் ஓட்டக்காரர். பின்னால் மலைபோல நைஜீரியாவின் பெல்லோ ரசாக்.

இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள்.

விசில்.

முதல் நாற்பது நிமிடம் இரண்டு பக்கமும் பயம். பாகனுக்கு டிரா போதும் என்பதால் அவசரம் இல்லை. பெங்களூருவுக்கு ஒரு கோல் வேண்டும். ஆனால் அதற்காகக் கதவைத் திறந்து போட்டால், உள்ளே நுழைய நோர்டே காத்திருக்கிறார்.

எல்லோரும் சேத்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாகனின் பின்வரிசையும் அவரைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

கோல் வேறு ஆளிடமிருந்து வந்தது.

41-ஆவது நிமிடம். ஜான் ஜான்சன். பெங்களூருவின் ஸ்டாப்பர். கோலைத் தடுப்பதுதான் அவர் வேலை. கிளப் தொடங்கியபோதே இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர். முதல் நாளிலிருந்து இருக்கும் அந்த மனிதர் பாகனின் கோல் வாசலில் நிற்கிறார். பந்து வலைக்குள்.

1-0!

மேற்கு ஸ்டாண்ட் வெடித்தது. புள்ளிப் பட்டியல் அந்த நொடியே தலைகீழானது. பெங்களூரு 39. பாகன் 38. இப்படியே ஆட்டம் முடிந்தால் இரண்டு வருடத்தில் இரண்டு லீக் கோப்பை.

இடைவேளை.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு அறைகளிலும் என்ன பேசியிருப்பார்கள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பாகனுக்குக் குழப்பமே இல்லை. ஒரு கோல் வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் பெங்களூருவுக்குத்தான். இன்னொரு கோலுக்குப் போவதா? இருக்கிற ஒன்றைக் காப்பதா? ஒரு கோல் முன்னிலை என்பது தலையில் நிறைகுடத்தோடு நடப்பது மாதிரி. கால் தானாகவே மெதுவாகிவிடும்.

இரண்டாம் பாதி தொடங்கியது.

ஐம்பது. அறுபது. எழுபது.

பாகன் வந்துகொண்டே இருந்தது. இழக்க ஒன்றுமில்லை என்றானபின் பயம் விட்டுப்போய்விடும். பெங்களூருவின் தடுப்பில் ஜான்சன், கென்யாவின் கர்டிஸ் ஒசானோ. இரண்டு வருடமாக ஒருவர் தோளை ஒருவர் நம்பி நின்ற ஜோடி. நிமிட முள் நகர நகர நீலச் சட்டைகளுக்கு ஆசை கூடியது. பச்சை மெரூன் பக்கம் சத்தம் அடங்கியது.

எண்பது.

பத்தே நிமிடம்.

எண்பத்தைந்து.

கோப்பையில் யார் நிற ரிப்பனைக் கட்டுவது? அந்தக் கேள்விக்குப் பெங்களூருவில் எல்லோருக்கும் பதில் தெரிந்துவிட்டது.

எண்பத்தாறு.

பாகனுக்கு ஒரு கார்னர்.

கார்னர் என்பது ஸ்டாப்பர்கள் முன்னே போகும் நேரம். பின்னால் நிற்கும் உயரமான ஆட்கள் தங்கள் கோட்டையை விட்டுவிட்டு எதிரியின் வாசலுக்கு நடப்பார்கள். பந்து வெட்டுப்பட்டு எதிர்த்தாக்குதல் வந்தால் வீடு காலி. ஆனால் தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு அந்தக் கவலை ஏது? பெல்லோ நடந்தார். மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து, பெங்களூருவின் கோல் வாசலுக்கு.

கொடிக்கம்பத்தருகே நோர்டே. பந்தை வைத்தார். பின்னால் நகர்ந்தார். அடித்தார்.

பந்து மேலெழும்பி உள்ளே வந்தது. பெல்லோ எகிறினார்.

தலை.

வலை!

1-1. 87-ஆவது நிமிடம்.

அதுவரை கத்திக்கொண்டிருந்த மேற்கு ஸ்டாண்ட் வாயடைத்துப் போனது. எதிர்ப்பக்கம் ஆனந்தக் கூத்து. சேத்ரியும் நோர்டேயும் ஆடிய ஆட்டத்தில் இரண்டு கோலையும் அடித்தது இரண்டு ஸ்டாப்பர்கள். கால்பந்து மனிதர்களுக்கு இப்படித்தான் பாடம் நடத்துகிறது, அதனால்தான் இந்த விளையாட்டின்மேல் எனக்கு இவ்வளவு பைத்தியம்.

இன்னும் மூன்று நிமிடம். மேலே காயநேரம். பெங்களூரு கைவிட்டதா? இல்லை. ஆளுக்கு ஆள் முன்னே பாய்ந்தார்கள். ஆனால் மறுபக்கம் நின்றவர்கள் பதின்மூன்று வருடப் பசிக்காரர்கள். பந்தை விடவில்லை.

நீண்ட விசில்.

பாகன் 39. பெங்களூரு 37.

கண்டீரவாவில், பெங்களூருவின் கண்ணெதிரே, கொல்கத்தா கோப்பையைத் தூக்கியது. ஆனால் ஒன்று சொல்கிறேன். முந்தைய வருடம் கோவாவில் கோப்பையை வென்றபோது இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஒரு கிளப் இருப்பதே தெரியாது. அன்றிரவு கஸ்தூர்பா சாலை வழியாகக் கப்பன் பார்க்கைத் தாண்டி வீட்டுக்குப் போனவர்களுக்கு அது நெஞ்சில் வலித்தது. வேற்றார் கிளப் தோற்றால் யாருக்கும் வலிக்காது. ஜேஎஸ்டபிள்யூவின் கிளப் பெங்களூரு ஊரின் கிளப்பானது அந்த இரவில்தான் என்பது என் கட்சி.

வெஸ்ட்வுட் என்ன செய்தார்?

திரும்பவும் தொடங்கினார். அடுத்த சீசன். அதே போட்டி, அதே மோகன் பாகன். இந்த முறை பெங்களூரு முதலிடம், பாகன் இரண்டாமிடம். பறிபோன கோப்பை வீடு திரும்பியது. மூன்று வருடத்தில் இரண்டு லீக் கோப்பைகள். எந்த ஊரிலும் அப்படிப்பட்ட பயிற்சியாளரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள்.

ஆனால் கோப்பை வந்த சில வாரங்களிலேயே வெஸ்ட்வுட் பெட்டியைக் கட்டினார்.

அவர் இடத்துக்கு ஒரு ஸ்பானியர் வந்தார். பார்சிலோனா பெஞ்சில் ஃபிராங்க் ரைகார்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். பெயர் ஆல்பர்ட் ரோகா. வந்து இறங்கிய அவர் முன்னால் கிடந்தது லீக் அட்டவணை அல்ல. ஆசியக் கண்டத்தின் வரைபடம். எந்த இந்திய கிளப்பும் அதுவரை எட்டிப் பார்க்காத ஓர் இறுதிப் போட்டி. நடுவில் மறித்து நின்றதோ நடப்புச் சாம்பியன், மலேசியாவின் ஜோகூர் அணி.

அந்த ஆட்டத்தின் பதினோராவது நிமிடத்தில், இதே கண்டீரவாவில், முதல் கோலை அடித்தது ஜோகூர்!

(ஆட்டம் தொடரும்)