கான்ட்ராக்ட் ஆளுக்கு மாஸ்க் யார் வாங்கித் தரணும்?

திருவண்ணாமலை மாவட்ட கலெக்டர் ஆபீஸ் எங்க வேங்கிக்கால்லதான் இருக்கு. 2020-ல டெல்லியில போட்ட ஊரடங்கு உத்தரவுகள் சென்னை வழியா கடைசியா வந்து இறங்குன இடங்கள்ல இதுவும் ஒண்ணு. ஏன்னா 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ஆணையம், அதுக்குத் தலைவர் கலெக்டர். இன்னிக்கு எபிசோட்ல நான் கேட்கப்போறது ஒரு சின்னக் கேள்வி. வேலை அரசாங்க வேலை, சம்பளம் கொடுக்கிறது கான்ட்ராக்டர். அந்தத் தொழிலாளிக்கு மாஸ்க் யார் வாங்கித் தரணும்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1896-ல பம்பாய்ல பிளேக் வந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே பிரிட்டிஷ் அரசு கொள்ளைநோய்ச் சட்டம் போட்டுடுச்சு. மொத்தமே நாலு பிரிவு. அரசு என்ன உத்தரவு வேணும்னாலும் போடலாம், மீறினா தண்டனை, நிறைவேத்துற அதிகாரி மேல வழக்குப் போட முடியாது. தெரு கூட்டுறவங்க, பிணம் தூக்குறவங்க பாதுகாப்பு பத்தி ஒரு வரி கிடையாது. 123 வருஷம் கழிச்சு நாம தூசி தட்டி எடுத்ததும் இதே சட்டம்தான். 2020 ஏப்ரல் 22-ல ஒரு அவசரச் சட்டம் மூலமா திருத்தினாங்க. அதுவும் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குறவங்களைத் தண்டிக்கத்தான்.

வேலையிடத்துக்கான விதிகள் வந்தது ஏப்ரல் 15, மத்திய உள்துறை அமைச்சக உத்தரவுல. இதைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். ஒரு ஷிஃப்ட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி. சாப்பாட்டு நேரத்தைப் பிரிச்சு விடணும். ஆள் ஏத்திட்டு வர்ற வண்டியில 30-லிருந்து 40 சதவீதம் பேர்தான். உட்கார்ற இடத்துல ஆறடி தூரம். லிஃப்ட்ல ரெண்டு பேர், பெருசா இருந்தா நாலு பேர். தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்னும் ஒரு வரி இருந்தது. நகரத்துக் கட்டட வேலைன்னா, சைட்லயே தங்கியிருக்கிற ஆட்களை வச்சு மட்டும் தொடரலாம், வெளியில இருந்து கூட்டிட்டு வரக் கூடாது.

வாசிச்சா லிஃப்ட் இருக்கிற கட்டடத்தை மனசுல வச்சு எழுதின மாதிரிதான் எனக்குப் படுது. குப்பை வண்டியில ஒட்டி நின்னுட்டுப் போறவங்களுக்கு ஆறடி எங்க இருந்து வரும்?

முதலாளிகளுக்கு வேற பயம். பேரிடர் சட்டத்துல உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அதனால உயிர் போனா ரெண்டு வருஷம். தொழிற்சாலையில ஒருத்தருக்குக் கொரோனா வந்தா நிர்வாக இயக்குநரைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களான்னு கேட்டாங்க. ஏப்ரல் 23-ம் தேதி உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிட்டார், அப்படி எந்த விதியும் இல்லைன்னு. எட்டே நாள்.

நம்ம ஃபீல்டு கதையும் ஒண்ணு இருக்கு. மே 1-ம் தேதி உத்தரவுல அரசு, தனியார் ஊழியர் எல்லாரும் ஆரோக்கிய சேது ஆப் வச்சிருக்கணும், அதுக்கு நிறுவனத் தலைவர்தான் பொறுப்புன்னு சொன்னாங்க. மே 17-ல அதே விஷயம், ஆப் போடக்கூடிய போன் வச்சிருக்கிறவங்ககிட்ட முடிஞ்சவரை போட வைங்கன்னு இறங்கிடுச்சு. பட்டன் போன் வச்சிருக்கிறவங்க இருக்காங்கங்கிறது அவங்களுக்கு ஞாபகம் வர பதினாறு நாள் ஆச்சு.

இப்போ கேள்விக்கு வருவோம். பதில் 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல பாதி இருந்தது. குடிதண்ணி, கழிப்பறை, கை கழுவ வசதி, முதலுதவிப் பெட்டி எல்லாம் கான்ட்ராக்டர் தரணும்னு இருந்தது. தரலைன்னா வேலை கொடுத்த நிறுவனம், அதாவது முதன்மை வேலையளிப்பவர் தந்துட்டு, செலவைக் கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு இருந்தது. மாஸ்க்ங்கிற வார்த்தை அதுல இல்லை. ஆனா ‘நம்ம ஆள் இல்லை’ன்னு ஒரு அரசு அலுவலகம் கைகழுவிட முடியாதுங்கிறது 50 வருஷமா சட்டத்துலயே இருக்கு.

கோட்டைச் சரியாப் போட்ட ஒரு இடமும் உண்டு. 2020 மார்ச் 26-ல அறிவிச்ச 50 லட்ச ரூபாய் காப்பீட்டுல, கொரோனா பணிக்கு அரசு எடுத்துக்கிட்ட ஒப்பந்த, தினக்கூலி, அவுட்சோர்ஸ் ஊழியர்களையும் சேர்த்திருந்தாங்க.

அமெரிக்காவுல வேற ரூட் எடுத்தாங்க. 2021 செப்டம்பர் 9-ல பைடன் போட்ட உத்தரவுப்படி, மாஸ்க், தடுப்பூசி விதியெல்லாம் அரசு ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு ஷரத்தா போகணும். சப்-கான்ட்ராக்டர் வரைக்கும் அது இறங்கும். டிசம்பர் 7-ல ஜார்ஜியாவுல ஒரு ஃபெடரல் நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. 2023 மே மாசம் உத்தரவையே வாபஸ் வாங்கிட்டாங்க. அங்க விதி ஒப்பந்தத்துல இருந்தது, நீதிமன்றத்துல விழுந்தது. இங்க ஜெயில் தண்டனையோட இருந்தது, ஆனா யாரைப் பிடிக்கிறதுன்னுதான் தெளிவில்லை.

அதே 2020 செப்டம்பர்ல, தொற்று உச்சத்துல இருக்கும்போது, பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல. இதுல ஒரு நல்லது, நலவசதிகளை முதன்மை வேலையளிப்பவரே நேரடியா தரணும். இன்னொண்ணும் இருக்கு. பழைய மத்தியச் சட்டம் 20 ஆள் வச்சிருக்கிற கான்ட்ராக்டருக்கே பொருந்துச்சு. புதுசுல அந்த எண்ணிக்கை 50. இனி 49 பேரை வச்சு ஒரு ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிற கான்ட்ராக்டர், இந்த ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்குள்ள வர மாட்டார்.