‘வேணும்’ என்பதும் ‘விசுவசிக்கிறேன்’ என்பதும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாட்களில் பங்குத்தந்தையின் இல்லத்து வாயிலில் கூட்டம் சற்று மிகுதியாகவே இருக்கும். “சாமி, திருமுழுக்குச் சான்றிதழ் வேணும்”, “பள்ளியில் இடம் கேட்கப் பரிந்துரைக் கடிதம் வேணும்”, “பிள்ளைக்கு இந்த ஆண்டே முதல் நற்கருணை கொடுத்துவிட வேணும்” என்று வேண்டுகோள்கள் வந்தவண்ணம் இருக்கும். இவற்றில் தவறேதும் இல்லை. பெற்றோர் தம் மக்களின் நலனுக்காகக் கேட்கிறார்கள். கேட்பதற்கு உரிமை உள்ள இடத்தில்தான் கேட்கிறார்கள். ஆயினும், ‘வேணும்’ என்னும் இச்சிறு சொல்லைக் கேட்கும்போதெல்லாம், தமிழகத்தில் மறைக்கல்வி தோன்றிய நாட்களில் நிகழ்ந்த ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொண்டு, கிறிஸ்தவக் கல்வியின் நோக்கம் யாது, அது கோயிலுக்கு உரியதா, வீட்டுக்கு உரியதா என்று சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கற்பிக்கப்படாத கிறிஸ்தவர்கள்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். பகைவரிடமிருந்து பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. போர்த்துகீசியர் அதனைத் தர முன்வந்தனர். அதன்வழியே திருமறையும் வந்தது. ஆனால், திருமுழுக்கு அளித்தவர்கள் தங்கிக் கற்பிக்கவில்லை. 1542-இல் தூய பிரான்சிஸ் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தபோது, அம்மக்களை நோக்கி, ‘முன்பு நம்பியதைவிட இப்போது நீங்கள் நம்புவது யாது?’ என்று வினவினார். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறு விடை அவர்களிடம் இல்லை. தம் மொழி அறியாத அவருக்கு, அவர் மொழி அறியாத அம்மக்கள் வேறு என்ன கூற இயலும்?

சவேரியார் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் தேடிச் சேர்த்தார். அவர்களோடு அமர்ந்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து சிறுவரை ஒன்றுகூட்டி, நாளொன்றுக்கு இருமுறை கற்பித்தார்.

அவசரத்தில் செய்த அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில், ‘வேணும்’ என்று பொருள்படும் சொல் அமைந்துவிட்டது. பின்னர் இதனை உணர்ந்த சவேரியார், தம் தோழர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை அமைக்குமாறு பணித்தார். கடவுளை நம்புகிறேன் என்று கூறவேண்டிய மக்கள், கடவுள் வேணும் என்று சிலகாலம் கூறிவந்தார்கள். இதனை வெறும் மொழிப் பிழை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. மனிதர் எல்லாரும் சமயத்தின் வாயிலுக்குள் ‘வேணும்’ என்றே நுழைகிறோம். அங்கேயே நின்றுவிடாமல், ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லும் நிலைக்கு ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதே மறைக்கல்வியின் நோக்கம் என்று நாம் கருதுகிறோம்.

பிள்ளைகள் வழியே பெற்றோருக்கு

சவேரியார் 1544 சனவரியில் உரோமையிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதம் நம் மறைக்கல்வி வரலாற்றின் முதல் ஏடு எனலாம். அதில் அவர் கூறும் முறை கருதத்தக்கது. சிறுவர் தம்மிடம் கற்றதைத் தம் தாய் தந்தையருக்கும், வீட்டாருக்கும், அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். நோயாளர் இருக்கும் வீடுகளுக்குத் தாம் செல்ல இயலாதபோது சிறுவரையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் ஒன்றுசேர்த்து, நோயாளரின் அருகில் நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். ஞாயிறுதோறும் ஊரார் அனைவரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, ‘இதனை விசுவசிக்கிறீர்களா?’ என்று வினவ, மக்கள் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து ஆம் என்று விடை பகர்ந்தனர்.

அவர் ஓர் ஊரை விட்டு நீங்கும்போது செபங்களை எழுத்தில் விட்டுச்சென்றார். கற்பிப்பதற்குக் கணக்கப்பிள்ளைமாரை நியமித்தார். போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் சென்றுகொண்டிருந்த 4,000 பணத்தை இவர்களது ஊதியத்துக்கெனக் கேட்டுப் பெற்றார். அரசி விண்ணகம் ஏறுவதற்கு இச்சிறுவரைவிடச் சிறந்த காலணி வேறில்லை என்பது அவர் கருத்து.

ஆகவே, தமிழகத்தில் மறைக்கல்வி தொடங்கியபோது கோயில், வீடு என்ற பிரிவினை இருக்கவில்லை. கோயிலில் கற்றது அன்று மாலையே வீட்டில் ஒலித்தது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்தவை பிள்ளைகளின் சின்னஞ்சிறு கால்கள்.

அச்சேறிய வினாவும் விடையும்

சவேரியார் விதைத்ததை நீர் பாய்ச்சி வளர்த்தவர் அன்றிக் அடிகளார். 1600-இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இக்கடற்கரையிலேயே உழைத்தவர். மனப்பாடம் மட்டும் போதாது என்பதையும், மக்களின் மொழியைப் பிழையறக் கல்லாமல் அவர்களுக்குக் கற்பிக்க இயலாது என்பதையும் கண்டு, தமிழைத் திறம்படப் பயின்றார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கமே கொண்ட சிறு நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. அது ஆசிரியரும் மாணாக்கரும் உரையாடும் வகையில் வினா விடையாக அமைந்தது.

தமிழ் அச்சு நூலின் தலைப்பிள்ளையே மறைக்கல்வி நூல் என்பதில் நாம் பெருமை கொள்வதுண்டு. பெருமையோடு ஒரு பாடமும் கொள்ள வேண்டும். வினா விடை என்பது இருவர் அமர்ந்து பேசுவதற்கென்று எழுந்த முறை. பின்னாளில் நம் முன்னோர் ‘சின்னக் குறிப்பிடம்’ கற்றதும் இம்முறையிலேயே. கேட்பவரும் வேண்டும்; விடை சொல்பவரும் வேண்டும். கேட்பவர் வீட்டில் இல்லையானால், விடை தேர்வுத்தாளோடு முடிந்துவிடும்.

கற்பிப்பவரின் ஒழுக்கமும் தாயின் கல்வியும்

கொள்ளிடக் கரைக்கு அண்மையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். வேதியர் என்போர் அக்காலத்து உபதேசிமார். குருக்கள் ஆண்டுக்கொருமுறை எட்டிப் பார்ப்பதே அரிதாக இருந்த ஊர்களில் திருச்சபையைத் தாங்கி நின்றவர்கள் இப்பொதுநிலையினரே. அவர்களுக்கு நூல் எழுத முனைந்த முனிவர், அதன் பெயரிலேயே ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லை வைத்தது தற்செயல் அன்று. கற்பிப்பவரின் வாழ்வே முதற் பாடம் என்பது அதன் பொருள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10-ஆம் நாள் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தியபோது, தமிழகத் திருச்சபைக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. பழைய உறவினர் ஒருவருக்கு உரிய இருக்கை அளிக்கப்பட்டதாகவே தோன்றிற்று.

மூன்றாவதாக, நம் உயர்மறைமாவட்டத்தின் வரலாற்றையே நோக்குவோம். 1844-இன் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய மாமன்றம், உள்நாட்டுக் குருக்களின் உருவாக்கத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் ஆராய்ந்தது. பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதே இகழ்ச்சியாகக் கருதப்பட்ட காலம் அது. அவ்வாண்டே, மிஷன் அச்சகத்தை நடத்திவந்த துய்ப்புயி அடிகளார், பெண் கல்விக்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். இதன் உட்பொருள் தெளிவானது. தாய் கல்லாதவளாய் இருக்கும்வரை வீட்டில் மறைக்கல்வி வேரூன்றாது. பெண்ணுக்குத் திறந்த பள்ளி, அடுத்த தலைமுறையின் வீட்டுக்குத் திறந்த பள்ளியாகும். திமொத்தேயுவின் நம்பிக்கையைப் பாராட்டும் தூய பவுல், அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்வதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

நெய்வேலியில் நாம்

இனி, நாம் வாழும் இடத்துக்கு வருவோம். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டு, 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. இதற்கென நிலத்தைக் கொடுத்துக் குடிபெயர்ந்த ஊர்களும் உண்டு. பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்களும் உண்டு. அப்படி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் ஊர்ப் புனிதரின் படத்தைக் கொண்டுவந்தன, செபமாலையைக் கொண்டுவந்தன. ஆனால், பாட்டியையும் தாத்தாவையும் பெரும்பாலும் ஊரிலேயே விட்டுவந்தன. விளக்கேற்றும் வேளையில் தெரு முழுவதும் செபம் ஒலித்த ஊரிலிருந்து, மூன்று ஷிப்டுகளில் நாள் சுழலும் நகரியத்துக்கு வந்தார்கள். தந்தை இரவு ஷிப்டுக்குப் புறப்படும் நேரத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் தந்தை உறங்கச் செல்வார்.

எனவே, மறைக்கல்வியைக் கோயிலிடமும், கத்தோலிக்கப் பள்ளியிடமும் ஒப்படைத்துவிட்டோம். ஞாயிறு வகுப்பு நடந்தது. வருகைப் பதிவேடு நிரம்பியது. தேர்வும் பரிசும் தவறாமல் வந்தன. அதுவே போதும் என்று நாமும் பல ஆண்டுகள் மனநிறைவு கொண்டிருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், குடியிருப்பு ஒன்றில் நோயுற்றிருந்த மூதாட்டிக்கு நற்கருணை கொண்டுசென்றோம். இறுதி நாட்களைக் கழிக்க ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு அழைத்துவரப்பட்டவர் அவர். அவ்வாண்டு மறைக்கல்வித் தேர்வில் முதல் பரிசு பெற்ற சிறுமி அவருடைய பேத்தி. “பாட்டிக்காக விசுவாசப் பிரமாணம் சொல்லு பாப்பா” என்றோம். சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தார். பிறகு அவர் மெல்லச் சொன்னார்: “வீட்டுல சேர்ந்து சொல்லிப் பழக்கமில்லை சாமி. அவ படிச்சது பரீட்சைக்குத்தான்.” அப்போது அந்த மூதாட்டியே, கண்களைத் திறவாமல், தாம் குழந்தைப் பருவத்தில் கற்ற பழைய வாசகத்தில் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். புதிய வாசகத்தைக் கற்றிருந்த சிறுமி ஓரிரு இடங்களில் தடுமாறி, பின் பாட்டியின் சொற்களையே பற்றிக்கொண்டு இறுதிவரை உடன் சொன்னாள்.

நோயாளரின் படுக்கையருகே சிறுவர் விசுவாசப் பிரமாணம் சொன்ன முத்துக்குளித்துறைக் காட்சி அன்று நம் கண்முன் நின்றது. நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், அக்கடமையில் தவறியவள் அச்சிறுமி அல்லள். அவளுக்கு மதிப்பெண் இட்டுப் பரிசு வழங்கியவர்கள் நாமே.

செய்ய வேண்டுவன

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்றும், அவர்கள் தம் கடமையில் குறைந்தால் அதனை ஈடுசெய்வது அரிது என்றும் எடுத்துரைத்தது. திருச்சபை குடும்பத்துக்குத் துணை நிற்குமேயன்றி, அதன் இடத்தில் தான் அமர்ந்துகொள்ளாது. பழைய வரலாறும் இதனையே மூன்று கோட்பாடுகளாக நமக்குக் கற்பிக்கிறது. கோயிலில் கற்றது வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது சவேரியாரின் பாடம். கற்பிப்பவரின் ஒழுக்கமே முதல் நூல் என்பது வீரமாமுனிவரின் பாடம். வீட்டிலுள்ள பெரியவர் கற்றாலன்றிப் பிள்ளையின் கல்வி நிலைக்காது என்பது புதுச்சேரியின் பாடம்.

அந்நிகழ்ச்சிக்குப்பின், ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளிடம் வீட்டில் கேட்பதற்கென்று ஒரு வினாவைக் கொடுத்தனுப்பத் தொடங்கினோம். ‘நீங்கள் முதன்முதல் கற்ற செபம் எது? கற்பித்தவர் யார்?’ என்பன போன்ற எளிய வினாக்கள். குடும்ப செபத்துக்கு மாலை ஏழு மணி என்று வரையறுப்பதையும் விட்டுவிட்டோம். ஷிப்டு எதுவாயினும், நாளில் எல்லாரும் ஒன்றாக உண்ணும் ஒரு வேளை இருக்குமானால், அவ்வேளையில் பத்து நிமிடம் போதும் என்றோம். எல்லா வீடுகளிலும் இது நடக்கிறது என்று கூற இயலாது. பல தாள்கள் எழுதப்படாமலேயே திரும்பி வருகின்றன. ஆயினும், தம் தாயிடம் கற்ற செபத்தை நினைவுகூர்ந்து நடுங்கும் எழுத்தில் எழுதியனுப்பிய தந்தையரும் இருக்கிறார்கள்.

நெய்வேலியில் வாழ்வோர்க்கு ஒன்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக அதனை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிலைக்கும். நேற்று இறைத்தோம் என்று இன்று நிறுத்திவிட முடியாது. குடும்பத்தின் நம்பிக்கை வாழ்வும் அத்தகையதே. ஆண்டுக்கொரு தேர்வு அதனைக் காப்பாற்றாது; அன்றாடம் செய்யும் சிறு செயலே காக்கும்.

பங்குத்தந்தையின் வாயிலுக்கு ‘வேணும்’ என்று வரும் பெற்றோரை நாம் என்றும் மகிழ்ந்தே வரவேற்போம். சான்றிதழும் கடிதமும் தயங்காது தருவோம். அன்பர்களே, அவற்றைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் அன்று மாலையோ, மறுநாள் நண்பகலோ, உங்கள் ஷிப்டு இடம் கொடுக்கும் ஏதேனும் ஒரு வேளையில், பிள்ளையை அருகில் அமர்த்தி, ‘விசுவசிக்கிறேன்’ என்னும் சொல்லை நீங்கள் முதலில் சொல்லுங்கள். பிள்ளை பின்தொடரும்.