சென்னைச் சட்டசபையும் சுகாதாரச் செலவும்

1920-ஆம் வருஷ இறுதியில், மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தவர்கள் நிலவரியோ நகரசபை வரியோ வருமான வரியோ செலுத்தி வந்த ஆடவர்களே. மாகாண ஜனத்தொகையில் அவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு மூவர். மறு வருஷம் ஏப்ரலில் அச்சபை, அதே தகுதியுள்ள பெண்களுக்கும் வாக்குரிமை உண்டென்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதில் முந்திக்கொண்டது சென்னையே. பின்னர் நியமன அங்கத்தினராக வந்து உபதலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள், குழந்தைகளின் ஆரோக்கியத்தைப் பற்றி அங்கே ஓயாமல் பேசினார்.

எனினும் வரி கட்டுவோரே வாக்காளராயிருக்கும் ஊரில், வரியை உயர்த்திச் சாக்கடை கட்ட முன்வரும் அங்கத்தினர் அரியர் என்பது என் அபிப்பிராயம். வாந்திபேதி வந்தால் ஓட்டம், போனால் மறதி என்பதே பல நகரசபைகளின் சுகாதார நிர்வாகமாயிருந்தது.

1937 தேர்தலில், சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐ வென்று பதவியேற்ற ராஜாஜி மந்திரிசபையில், சுகாதார இலாகா ஸ்ரீரங்கத்திற் பிறந்த வைத்தியரான டி. எஸ். எஸ். ராஜனிடம் வந்தது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய் அறிவிப்பு, அம்மை குத்துதல், தாய்சேய் நலம் என்று விரிந்து, லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் கூடும் திருவிழாக்களையும் சந்தைகளையும்கூட விடாது தழுவிய 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அம்மந்திரிசபையின் காலத்தில் நிறைவேறிற்று. இந்திய மாகாணங்களில் இவ்வகையில் இதுவே முதற்சட்டம்.

அதன் பிரிவுகளுள் நான் மிக மதிப்பது நோயைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது. சர்க்கார் மானியம் நீங்கலான தன் வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாத பங்கை ஒவ்வொரு நகரசபையும், பன்னிரண்டரைக்குக் குறையாத பங்கை ஏனைய ஸ்தல ஸ்தாபனங்களும் பொதுச் சுகாதாரத்திற்கென ஒதுக்கியே தீரவேண்டுமென்று அது விதித்தது. சுகாதாரத்திற்குச் செலவிடலாமா என்ற கேள்வியே இதனால் ஸ்தல அங்கத்தினர்களின் கையை விட்டுப் போயிற்று. ஜனநாயகத்துக்கு இது இழுக்கு என்று சொல்வாரும் இருக்கக்கூடும். சாக்கடை நீர் கலந்த கிணற்றில் குடித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்த மந்திரிசபை 1939 அக்டோபரிலேயே யுத்தப் பிரச்னையில் ராஜினாமாச் செய்தது. சட்டமோ இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. 2020-இல் கொரோனா பரவிய காலத்தில், முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்க அரசாங்கம் திருத்தியதும் இந்தச் சட்டத்தைத்தான்.