பாவமும் ஒரு ராசாவும்

டெனிஷ் மொழியில் பாவத்துக்கு 'சுன்ட்' என்று பெயர். எழுத்திலுள்ள கடைசி 'ட்' பேச்சில் விழுங்கப்பட்டுவிடும். இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது தேவாலயத்தில் அல்ல, குசினியில்தான். கையைச் சுட்டுக்கொண்ட ஒரு பெடியனைப் பார்த்துத் தலைமைச் சமையற்காரர் சொன்னார். நாங்கள் 'பாவம்' என்போமே, அதே இடம், அதே தொனி. குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் இரண்டு மொழிகள் முந்நூறு வருடங்களுக்கு முன் தரங்கம்பாடியில் சந்தித்துக்கொண்டன. பேசுபொருளும் பாவம்தான்.

சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 யூலை 9இல் அங்கு வந்திறங்கினார்கள். இருவரும் ஜெர்மனியர், ஹாலே நகரில் பிராங்கே வளர்த்த பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஞானஸ்நானமும் ஞாயிறு ஆராதனையும் மட்டும் அந்த இயக்கத்துக்குப் போதாது. தன் பாவத்தை ஒருவன் தானே உணர்ந்து, அழுது, போராடி, புதிதாய்ப் பிறக்கவேண்டும். சேலாந்து பிஷப் இவர்களை முதலில் பரீட்சையில் விழுத்தினார். ராசாவின் கட்டளையால்தான் பிறகு சித்தியடைந்தார்கள். (சீகன்பால்க் சுகவீனத்தால் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காதவர். அவர்மேல் எனக்கொரு பட்சம் இருப்பதற்கு இதுவும் காரணம்.)

இவர்களை அனுப்பிய ராசா நாலாம் பிறெடெரிக். ராணி லூயிஸ் உயிரோடிருக்கையிலேயே 1703இல் எலிசபெத் ஹெலன என்பவளை இரண்டாந்தாரமாக்கியவன். அடுத்த வருடம் அவள் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். 1712இல் யூட்லாந்தின் கிளௌஸ்ஹோம் மாளிகையிலிருந்து 19 வயது அன்னா சோபியைத் தாயின் எதிர்ப்பையும் மீறிக் கவர்ந்துசென்று மணந்தான். ராணி அப்போதும் இருந்தாள். 1713இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் தமிழரின் 'அக்கியானத்தை'க் கண்டிக்கும் சிறுநூல் அச்சேறியது. ராசாவின் அக்கியானத்தைக் கண்டித்து கொப்பன்ஹேகனில் யார் அச்சடிப்பது?

தமிழர்கள் பேசாமலிருக்கவில்லை. 1712 தொடக்கம் 1714 வரை சீகன்பால்கும் குருண்ட்லரும் கேள்விகள் அனுப்பி அவர்களிடம் பதில் எழுதி வாங்கினார்கள். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் வெளிவந்தன. ஐரோப்பியரின் குடியையும் பெருந்தீனியையும் ஒழுக்கக்கேட்டையும் அவற்றில் பலர் சுட்டிக்காட்டினார்கள். தங்களைக் குத்தும் அந்த வரிகளை மறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பியதை மிஷனரிமாரின் நேர்மை என்றே சொல்லவேண்டும். சீகன்பால்க் அதிகாரிகளோடும் முட்டியவர். ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதில் தொடங்கிய தகராறு, 1708 நவம்பரில் ஆளுநர் ஹாசியுஸ் அவரைக் கோட்டையில் அடைப்பதில் முடிந்தது. நாலு மாதம் சிறையிலிருந்தார்.

ஆனால் ஓரிடத்தில் அந்தக் கண் மங்கிப்போகிறது. 1707 மே 12இல் அவர்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானத்தைப் பெற்ற ஐவரும் ஐரோப்பிய வீடுகளின் அடிமைகள். எசமானரின் அனுமதியோடு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் பாடம் கேட்டவர்கள். ஞானஸ்நானம் பெற்ற அடிமையும் எசமானின் உடைமைதான். அந்த ஐவரும் எந்தப் பாவத்தை நினைத்து அழுதிருப்பார்கள்? அவர்களை வைத்திருந்தவர்கள் அழவேண்டிய பாவம் ஒன்று இருந்ததே!

1718இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் முகப்பில் இன்றும் பிறெடெரிக்கின் முத்திரையெழுத்தைக் காணலாம். அதே 1718இல் அதே ராசாவின் கொடி கரீபியனில் சென் ஜோன் தீவில் ஏறியது. கரும்புத் தோட்டத்துக்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கொண்டுபோனார்கள். 1733இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையையே பிடித்தார்கள். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1792இல் வந்து 1803இல்தான் நடைமுறையானது. அத்தீவுகளில் அடிமைத்தனம் 1848 வரை நீடித்தது. தனிமனிதனின் உள்ளத்தை அவ்வளவு நுணுக்கமாகத் துருவிய ஒரு காலம், கப்பலின் அடித்தட்டைத் திறந்து பார்க்கவில்லை.

ராசாவுக்கும் கடைசியில் பயம் வந்தது. 1721இல் லூயிஸின் அடக்கம் முடிந்த மறுநாளே அன்னா சோபியை முறைப்படி மணந்து ராணியாக்கினான். அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதைக் கடவுளின் தண்டனையாகவே அவன் எடுத்துக்கொண்டான் என்பார்கள். 1730இல் செத்தான். பட்டத்துக்கு வந்த மகன் ஆறாம் கிறிஸ்தியான் பக்தி இயக்கத்தில் ஊறியவன், பாவத்தை மெத்தக் கடுமையாக எடுத்தவன். தகப்பனின் பாவத்துக்கு அவன் தண்டித்தது அன்னா சோபியை. அவளைக் கவர்ந்துகொண்டுபோன அதே கிளௌஸ்ஹோமில் ஒதுக்கி வைத்தான். சுமார் 12 வருடம் அங்கேயே இருந்து 1743இல் இறந்தாள்.

ஒரு ஓய்வுநாளில் றொஸ்கில்ட தேவாலயத்துக்குப் போயிருந்தேன். ராசா தன் வம்சத்தோடு பளிங்குக்குள் படுத்திருக்கிறான். அன்னா சோபி வேறொரு சிற்றாலயத்தில், அவனுக்கு எட்டாத தூரத்தில். அங்கே நின்ற ஒரு டெனிஷ்கிழவி தன் பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "சுன்" என்றாள்.