முருகன் தந்த சொல்லுக்கும் விதி கேட்ட சபை

நடுவர் அவர்களே! புத்தக வெளியீடுன்னா பொன்னாடையும் பாராட்டும்தான் என்றார் எதிரணி நண்பர். அன்றைய அரங்கேற்றத்தைக் கேளுங்க ஐயா.

காஞ்சிபுரம் குமரகோட்டம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை வாசிக்கத் தொடங்குகிறார். முதலடியை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்பது ஐதீகம். சபைக்கு அது பத்தலை! முதல் சொல்லிலேயே ஒருவர் எழுந்தாராம்: “திகழ், தசக்கரம் இரண்டும் சேர்ந்து ‘திகடசக்கரம்’ ஆக விதி எங்கே?” தொல்காப்பியத்தில் காட்ட முடியலை. அரங்கேற்றம் நின்னு போச்சு. இன்றைக்கு ஒரு விழாவில் இப்படிக் கேட்டுப் பாருங்க, மைக்கைப் பிடுங்கிடுவாங்க!

மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து, வீரசோழியத்தில் அந்த விதியைக் காட்டினாராம். சபை ஏத்துக்கிச்சு. அது 11-ஆம் நூற்றாண்டு இலக்கணம். செய்தவர் புத்தமித்திரர். சிவாச்சாரியார் நூலுக்கு, ஒரு பௌத்தர் எழுதிய இலக்கணம் சாட்சி சொல்லியிருக்கு ஐயா!