மாவுக் கட்டியும் மாத்திரை வதந்தியும்

உண்ணும் சோற்றிலும் பருகும் நீரிலும் பகைவர் நஞ்சு கலந்தனர் என்னும் வதந்தி மிகப் பழையது. 1348ஆம் ஆண்டில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாட்டியபொழுது, யூதர் கிணறுகளில் நஞ்சிட்டமையே அதற்குக் காரணம் என்ற பேச்சு ஊர்தோறும் பரவிற்று. பாப்பரசர் ஆறாம் கிளமெந்து அதனை மறுத்தார். அந்நோயால் யூதரும் மடிகின்றனரே, யூதர் வாழாத இடங்களிலும் அது பரவுகின்றதே என்பது அவர் காட்டிய நியாயம். எவரும் தம் ஊரிலேயே சோதித்தறியக்கூடிய நியாயம் அது. ஆயினும் 1349இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து யூதர் பெருந்தொகையினராய் எரிக்கப்பட்டனர்.

அவ்வதந்தியே வேறு வடிவில் 2018ஆம் ஆண்டில் இலங்கையிலும் தலைதூக்கிற்று. பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய உணவுச்சாலை ஒன்றில் உண்ண வந்தோர், கறியிற் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை எனப் பூசலிட்டனர். பணம் பெறும் மேசையில் இருந்தவரோ சிங்களம் செவ்வனே அறியாதவர். கூட்டம் சூழ்ந்து அச்சுறுத்தவே, தாம் இட்டதாகப் பொருள்படும் ஒரு சொல்லைத் தடுமாறி மொழிந்தார். அச்சொல் காணொளியாக முகநூலில் ஏறிற்று. கேட்கப்பட்ட வினா யாது, அஃது அவருக்கு விளங்கிற்றா, சூழ நின்றோர் எத்தனை பேர் என்பனவற்றைக் காணொளியைக் கண்டவர்கள் வினவவில்லை. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதனையும் மருத்துவ உலகம் அறியாது. இதனை ஊர் வைத்தியசாலையிற் கேட்டிருப்பின் அன்றிரவே தெளிந்திருக்கலாம். பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபொழுது, அக்கட்டி வெறும் மாவாகவே இருந்தது.

அதற்குள் வதந்தி மனங்களைப் பதப்படுத்திவிட்டது. கண்டி மாவட்டத்தில் தாக்குண்ட லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் இறக்கவே, திகனப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல் முதலிய தளங்கள் முடக்கப்பட்டன. 15ஆந் திகதியே முகநூல் மீண்டும் திறக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு அப்போது வேறு வழி தோன்றவில்லை போலும். ஆனால் அடைத்த வாயிலால் பொய் மட்டுமன்று, மறுப்பும் நுழைதல் இயலாது. பொய்யைக் கண்டவர் அனைவரிடமும் பகுப்பாய்வாளரின் முடிவு சென்று சேர்ந்திருக்கும் என்று கொள்வதற்கில்லை.

அவ்வன்முறையில் தன் தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று. கட்டி மாவென்று தெரிந்து அப்போது ஈராண்டு கடந்திருந்தது.